தொண்ணூற்றெட்டு மதிப்பெண் மாலுமி

ஒரு படகு, தன்னில் அமர்ந்திருக்கும் மனிதருக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்த்து, அதற்கேற்ப எச்சரிக்கை மணியை அடிப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தூத்துக்குடியில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அந்தப் படகில் அமர்ந்திருந்த மனிதர் நான்தான். மணி அடிக்கவில்லை.

என் பெயர் பொன்னுலிங்கம். இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தேன். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளில் என் வாழ்க்கை முடிந்திருக்க வேண்டியது. லிஃப்ட் பாதியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு அது ஏன் ஒருபோதும் கீழே விழாது என்பதை வெளியில் நின்றபடி படிப்படியாக விளக்குவேன். கம்பி வடம் அறுந்தாலும் பக்கவாட்டு இரும்புத் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் அழகைச் சொல்வேன். விளக்கம் முடிவதற்குள் சிலர் கதவைத் தாங்களே நெம்பித் திறந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு விளக்குவதற்கு மனைவி செண்பகம் ஒருத்திதான் இருந்தாள். கடலோட்டக் கோட்பாட்டு வகுப்புக்கான விளம்பரத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும் அவள்தான்.

அப்போது தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றி உல்லாசப் படகுகள் ஓடத் தொடங்கியிருந்தன. ஓட்டுவதற்கு ஆள் தேவையில்லை, படகே ஓட்டிக்கொள்ளும். ஆனால் சட்டம் ஒரு மனிதரைக் கேட்டது. விபத்து நடந்தால் இயந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா? அதனால் ஒவ்வொரு படகிலும் கோட்பாட்டுத் தேர்வில் தேறிய ஒரு 'பொறுப்பாளர்' இருக்க வேண்டும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட விதியில் இல்லை.

எட்டு வாரம் படித்தேன். கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடிழுத்தேன். திசைகாட்டி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஏன் ஒன்றல்ல என்று படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. ஓதம் ஏறும்போது நீரின் உயரம் எந்த ஒழுங்கில் கூடும், எதிரே வரும் படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் ஏன், வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருபவருக்கு நாம்தான் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும் என்ற விதி எதற்கு என்று எல்லாவற்றையும் செண்பகத்துக்குச் சொன்னேன். முடிச்சுகளை அவளுடைய துணிக்கொடியில் போட்டுப் பழகினேன். அந்தக் கொடியை இன்றுவரை யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் என்னை மயக்கியது ஒரு விதி. மிக எளியது, நீங்களும் புரிந்துகொள்ளலாம். நீங்கள் ஒரு படகில் போகிறீர்கள். பக்கவாட்டிலிருந்து இன்னொரு படகு வருகிறது. இரண்டும் மோதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் படகின் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கும். வருகிற படகை அந்தக் கம்பிக்கு நேராக வைத்துப் பாருங்கள். சில நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். அது கம்பிக்கு முன்பக்கம் நகர்ந்திருந்தால் உங்களுக்கு முன்னே கடந்து போகும். பின்பக்கம் நகர்ந்திருந்தால் உங்களுக்குப் பின்னே போகும். நகராமல் அதே கம்பிக்கு நேரே, ஆனால் பெரிதாகத் தெரிந்தால், இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரப் போகிறீர்கள். அவ்வளவுதான். கருவி வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒரு கம்பியும் ஒரு கண்ணும் போதும்.

தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். மாவட்டத்திலேயே அதிகம். இரண்டு மதிப்பெண் போனது, 'ஒருவர் படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு. நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். 'அவரைப் பார்த்துக்கொண்டே விரலை நீட்டிக் காட்டுவேன்' என்று எழுதியிருந்தால் போதுமாம்.

நீலத்தடம் என்ற நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. எனக்குக் கிடைத்த படகின் பெயர் அல்லி. சுக்கான் சக்கரத்துக்கு மேலே ஒரு சிறு கண்ணாடி வட்டம் இருந்தது. அதன் பெயர் அறிமானி. இந்தக் கதையில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே கருவி இதுதான்.

முதலில் வந்த படகுகள் எதற்கெடுத்தாலும் மணி அடித்தன. தேங்காய் மட்டை மிதந்தால் மணி, கடற்காகம் உட்கார்ந்தால் மணி. பொறுப்பாளர்கள் மணியின் மேல் துணியைச் சுற்றினார்கள். லிஃப்டிலும் அதுதான் நடக்கும். அதிக எடைக்கான மணி தினமும் அடித்தால், வாரக் கடைசியில் யாரோ அதன் வயரைப் பிடுங்கியிருப்பார்கள். அதனால் பொறியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஆபத்து பொறுப்பாளருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் எதற்கு மணி? தெரியாதபோது மட்டும் அடித்தால் போதுமே. தெரியுமா தெரியாதா என்பதை அறிமானி அளக்கும். நம் பார்வை எங்கே போகிறது, நாடித்துடிப்பு எப்படி, வாயில் என்ன சொற்கள் வருகின்றன என்று பார்த்து, தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து, நூற்றுக்கு ஓர் எண் காட்டும். எண்பதைத் தாண்டினால் படகு நம்மை நம்பி அமைதியாகிவிடும்; ஒதுங்கும் முடிவையும் நம்மிடமே விட்டுவிடும். பேசிய சொற்களை அது சேமிக்காது, தனியுரிமைச் சட்டம். எண் மட்டும் பதிவாகும்.

சும்மா உட்கார்ந்திருந்தால் என் எண் எழுபதில் நிற்கும். கடல் விதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மேலே ஏறும். இதை நான் இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். அதன்பின் நான் பேசுவதை நிறுத்தவே இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் என் விளக்கத்துக்கு மதிப்பெண் போட்ட ஒரே ஜீவன் அது.

விபத்து நடந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. வெயில் நன்றாக இருந்தது, அலை குறைவு. மதுரையிலிருந்து வந்த நான்கு பேர் கொண்ட குடும்பம் எனக்குப் பின்னால் இருந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம், தொலைவில், ஒரு ஃபைபர் வள்ளம் குறுக்கே வருவதைப் பார்த்தேன். அதைச் சரியாகக் கைப்பிடிக் கம்பிக்கு நேரே பார்த்தேன். எவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு! அவர்கள் பக்கம் திரும்பி அந்த விதியை விளக்கத் தொடங்கினேன். அறிமானி எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று ஏறியது. திரும்பி வள்ளத்தைப் பார்த்தேன். கம்பிக்கு ஒரு விரல்கடை பின்னால் போயிருந்தது. "பார்த்தீங்களா, இது நமக்குப் பின்னால போயிரும்" என்று அறிவித்துவிட்டு, பின்னால் போகும் படகுகள் ஏன் பின்னால் போகின்றன என்று சொல்லத் தொடங்கினேன்.

வள்ளம் பின்னால் போகவில்லை. அல்லியின் மூக்கு அதன் நடுவில் ஏறியது.

வள்ளத்தில் இருந்தவர் சிலுவை. நாற்பது வயது. அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள் மதுரைக்காரர்கள். நான் அவர் இருக்கும் இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மதிப்பெண் பாடம் மட்டும் மறக்கவில்லை. அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வள்ளம் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. பக்கத்தில் இன்னொரு காலி வள்ளம் மிதந்துகொண்டிருந்தது; அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு டப்பா மக்ரூன் இனிப்போடு வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். விபத்துக்கு முந்தைய நாற்பது விநாடிக்கான வள்ளத்தின் தடம் ராடாரில் சரியாகப் பதியவில்லை என்றார். கண்ணால் பார்த்த சாட்சி நான்தான். பின்னால் போய்க்கொண்டிருந்த வள்ளம் எப்படி முன்னால் வந்திருக்க முடியும் என்று கேட்டார். நானும் அதைத்தான் இரவெல்லாம் யோசித்திருந்தேன். என் கண் பார்த்தது பார்த்ததுதானே. 'வள்ளம் கடைசி நேரத்தில் திரும்பியிருக்கலாம்' என்று வாக்குமூலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'லாம்' என்று முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அறிவியல் மனப்பான்மை.

அந்த ஒரு வரியின் வேலை என்ன என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சிலுவையின் மனைவி ஸ்டெல்லா வாசலில் வந்து நின்றாள். செண்பகம் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வள்ளம் திரும்பியதாக எழுதியது உண்மையா என்று கேட்டாள். திரும்பியிருக்கலாம் என்றுதான் எழுதினேன், இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று தொடங்கினேன். அவள் காத்திருக்கவில்லை.

"அவிய பின்னால இன்னொரு வள்ளத்தக் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாவ, அண்ணாச்சி. எங்க அண்ணன் வள்ளம். நங்கூரக் கயிறு அறுந்து போய்க் கெடந்தத மீட்டுக்கிட்டு வந்தாவ. சட்டுன்னு திருப்பினா பின்னால வாறது இவிய முதுகுலல்லா ஏறும்? எப்படித் திருப்புவாவ?"

விசாரணைக் குழு அந்த வரியை ஏற்றுக்கொண்டால், தவறு சிலுவையுடையது. புது வள்ளமும் கிடையாது, மருத்துவச் செலவும் கிடையாது, மீன்பிடி உரிமமும் போகும் என்றாள். அழவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"நீங்க பொய் சொல்லுதியன்னு நான் சொல்லல. உங்களுக்குத் தெரியலன்னு சொல்லுதேன்."

பொய்யன் என்றிருந்தால் தாங்கியிருப்பேன். தொண்ணூற்றெட்டு வாங்கியவனைப் பார்த்துத் தெரியவில்லை என்றால்? அவள் போனபின், என் கண் தவறியிருக்க முடியாது என்பதைச் செண்பகத்துக்கு நாற்பது நிமிடம் விளக்கினேன். முடிவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இழுத்துட்டு வாற வள்ளம் திரும்புமா, திரும்பாதா?"

திரும்பாது. அது பாடப்புத்தகத்தில் பதினோராம் பாடத்தில் இருக்கிறது. இழுத்துவரும் படகுக்கு நாம் இன்னும் கூடுதலாக ஒதுங்க வேண்டும். சாட்சிக்கு என் கண், எதிர்சாட்சிக்கு என் புத்தகம். இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன். பிறகு எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. மகத்தான யோசனைகள் எனக்கு எப்போதும் இப்படித்தான் வரும். வந்தவுடன் யாராவது தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டம் இப்படிச் சொன்னது: பொறுப்பாளருக்கு ஆபத்து தெரிந்திருந்தால் படகு அமைதியாக இருந்தது சரி. தெரியாதபோது படகு அமைதியாக இருந்தால், தவறு அளந்த கருவியுடையது. நிறுவனம்தான் ஈடு செய்ய வேண்டும். அப்படியானால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொன்னால் போதும். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன், கடலில் எனக்கு எதுவும் விளங்காது என்று சொன்னால், அறிமானி பொய்யாகிவிடும். சிலுவைக்கு வள்ளம் கிடைத்துவிடும். என் கண் சரியாகத்தான் பார்த்தது. ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்துக்காக நான் என் அறிவைத் தியாகம் செய்கிறேன். கண்ணாடி முன் நின்று, ஒன்றும் தெரியாதவனைப் போல முகத்தை வைத்துப் பார்த்தேன். செண்பகம் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு ஒத்திகை எதற்கு என்றாள்.

விசாரணைக் குழுவின் தலைவர் கேப்டன் ரஹ்மத் நிஷா, காயல்பட்டினத்துக்காரர். இருபது வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். மதுரைக் குடும்பத்தை முதலில் விசாரித்தார். விபத்துக்கு முன் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கேட்டபோது நான்கு பேருக்கும் எதுவும் நினைவில்லை. ஒருவர், கம்பியைப் பற்றி ஏதோ சொன்னார் என்றார். அவருடைய மாமியார் நான் கம்பிக் கடை வைத்திருப்பதாக நினைத்திருந்தாராம்.

என் முறை வந்தது. எனக்கு எதுவும் தெரியாது என்று அறிவித்தேன். நிறுவன வழக்கறிஞர் என் விடைத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். தொண்ணூற்றெட்டு. பதிவில் தொண்ணூற்றாறு. தெரியாதவருக்கு இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். குழு கூடிப் பேசி, தாளில் வேண்டாம், கடலில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தது.

தேர்வு அடுத்த வாரம் காலை ஏழு மணிக்கு. சாதாரணப் படகு; அறிமானி கிடையாது. நான் முன்னால், கேப்டனும் வழக்கறிஞரும் எனக்குப் பின்னால். பத்துப் படகுகள் ஒவ்வொன்றாக வலப்பக்கத்திலிருந்து வரும். மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, மோதுமா மோதாதா என்று நான் சொல்ல வேண்டும். கடைசி நொடியில் அவை தாமாக விலகிக்கொள்ளும், ஆபத்தில்லை.

என் திட்டம் நேர்மையான ஒரு மோசடி. முதலில் கம்பியை வைத்துச் சரியான விடையைக் கண்டுபிடிப்பேன். பிறகு அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். பத்துக்குப் பூஜ்யம் வாங்கினால் சந்தேகம் வருமே என்பதற்காக ஒன்றிரண்டு தவறுதலாகச் சரியாகச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். கடைசியில் அந்தத் துரோகத்துக்கு மனம் வரவில்லை. பத்தையும் மாற்றியே சொன்னேன். ஒவ்வொரு படகு வரும்போதும், எனக்கு இதிலெல்லாம் எதுவும் புரியாது என்பதைப் பின்னால் திரும்பிக் கேப்டனுக்கு விரிவாக விளக்கிக்கொண்டிருந்தேன். தெரியாதவன் பேசாமல் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கரைக்கு வந்ததும் கேப்டன் தாளைப் பார்த்துப் படித்தார்.

"பத்துக்கு எட்டு சரி."

வழக்கறிஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு வழக்கு முடிந்துவிட்டது: எனக்குத் தெரியும், படகு அமைதியாக இருந்தது நியாயம், நான் எழுதியபடி வள்ளம் திரும்பியது. படகுத்துறையின் ஓரத்தில் நின்றிருந்த ஸ்டெல்லா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வெளி வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளக்குவதில் வேகம் உண்டு, விளங்குவதில் கிடையாது. மாற்றிச் சொன்ன பத்தில் எட்டு சரி என்றால், நான் மனதில் கண்டுபிடித்த பத்தில் சரியாக இருந்தது இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டியிருந்தாலே ஐந்து கிடைத்திருக்கும். இரண்டு கிடைக்க வேண்டுமானால், தவறைக்கூட முறை தவறாமல் செய்ய வேண்டும்.

பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். எட்டு சரி என்ற பெயர் எனக்கு இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் குழுவை ஏமாற்றிய குற்றம் வரும், சான்றிதழ் போகும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இத்தனை நாள் தெரியாத மாதிரி நடிக்கத் தயாராக இருந்த எனக்கு, உண்மையிலேயே தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்டெல்லா வாசலை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன். பத்தையும் மாற்றிச் சொன்னதை, ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதை, என் உண்மையான விடைகள் எவை என்பதை. வழக்கறிஞர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை.

"காலையில சொன்னது பொய்னா இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படி எடுத்துக்கிறது?"

பிறகு அவரே, கட்டிப் போட்டிருந்த அதே படகில் என்னை ஏறச் சொன்னார். எல்லோரையும் படகுத்துறையில் நின்று பார்க்கச் சொன்னார். ஸ்டெல்லாவையும் கூப்பிட்டு நிறுத்தினார். நான் என் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

வலப்பக்கத்தில் தெரிந்த கலங்கரை விளக்கத்தைக் கம்பிக்கு நேரே வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. இப்போது அந்த விதியை எனக்கு விளக்குங்கள் என்றார். இதைவிட வினோதமான நேரத்தில் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்கள் என்றால் எனக்கு வேறெதுவும் நினைவிருக்காது. திரும்பி, கம்பி, கண், படகு என்று முழு மனதோடு விளக்கினேன். முடித்ததும், "இப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கலங்கரை விளக்கம் கம்பிக்கு ஒரு விரல்கடை பின்னால் போயிருந்தது.

படகு கட்டிக் கிடந்தது. நூறு வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கும் கல் கட்டடம் அது.

"கலங்கரை விளக்கம் நமக்குப் பின்னால போயிருமா, பொன்னுலிங்கம்?" என்று கேட்டார் கேப்டன்.

நகர்ந்தது நான். பின்னால் இருப்பவரிடம் பேசத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் பின்னால் சரிந்து உட்கார்ந்திருக்கிறேன். கண் பின்னால் போனால், கம்பி முன்னால் போனதுபோலவும் தூரத்தில் இருப்பது பின்னால் போனதுபோலவும் தெரியும். அதனால் மோத வரும் படகெல்லாம் எனக்குப் பின்னால் போகும் படகாகத் தெரிந்தது. முன்னால் கடந்து போகும் படகு நகராமல் நிற்பதாகத் தெரிந்தது. உண்மையிலேயே பின்னால் போன இரண்டை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்துப் படத்தில் படகு ஒரு புள்ளி. புள்ளிக்குள் யாரும் திரும்பி உட்கார்ந்து பேச முடியாது.

கேப்டன் வழக்கறிஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவருக்கு அறிமானி எப்போது தொண்ணூற்றாறு போட்டது? பேசிக்கொண்டிருந்தபோது. அதாவது பார்க்காமல் இருந்தபோது. நான் எழுபது மதிப்பெண்காரனாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு மணி அடித்திருக்கும். கருவி அளந்தது என் அறிவை அல்ல, என் உற்சாகத்தை. என் எண் ஏற ஏற, நான் பேசப் பேச, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டே சிலுவையின் மேல் ஏறியிருக்கிறோம்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. நிறுவனம் சிலுவைக்குப் புது வள்ளமும் இஞ்சினும் தர வேண்டும், கால் குணமாகும் வரையிலான செலவை ஏற்க வேண்டும். பேச்சை வைத்து யாரையும் நம்பி அமைதியாகும் படகுகள் இனி ஓடக்கூடாது. குழுவிடம் பொய் விடை சொன்னதற்காக என் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு ரத்து. எல்லாம் நியாயம்.

அதற்கு முன், வாக்குமூலத்தின் அந்த வரியை நானே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஸ்டெல்லா எதிரில் உட்கார்ந்திருந்தாள். 'வள்ளம் திரும்பவில்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று எழுதினேன். சரியாகப் பார்க்காததற்கான காரணத்தை அடுத்த வரியில் எழுதப் போனேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுபோல இரண்டு முறை, நிதானமாக.

"இந்த ரெண்டு வரிய எழுத இத்தன படகு வேண்டியிருந்துச்சா, அண்ணாச்சி?" என்றாள்.

சிலுவையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். கட்டுப் போட்ட காலை நகர்த்தி, நான் உட்கார இடம் கொடுத்தார். எப்படி நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கடல் எப்படி இருக்கிறது, காற்று மாறிவிட்டதா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை அது கஷ்டமாக இல்லை.

நான்கு மாதம் கழித்து நீலத்தடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை; அவ்வளவு அன்பான கடிதம். தீர்ப்பை மதித்துப் படகுகளை மாற்றிவிட்டார்களாம். இப்போது எல்லாப் படகுகளும் எதற்கும் ஓயாமல் மணி அடிக்கும். மணி அடித்த பிறகு விபத்து நடந்தால், எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது, முழுப் பொறுப்பும் பொறுப்பாளருடையது என்று புது ஒப்பந்தம் சொல்கிறது. நூற்றில் எந்த மணி உண்மையானது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார்களாம். அதனால் எனக்கு வைத்ததுபோன்ற கடல் தேர்வை எல்லோருக்கும் வைத்து, அதில் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு முன்னுரிமை. பத்துக்கு இரண்டு, அதாவது நூற்றுக்கு இருபது என்ற என் மதிப்பெண் அவர்கள் பார்த்ததிலேயே மிகக் குறைவு என்று பாராட்டியிருந்தார்கள். ரத்துக் காலம் முடிந்ததும் முதல் இடம் எனக்குத்தான். கீழே கோடு போட்ட இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

செண்பகம் படித்துவிட்டு, மாவட்டத்திலேயே குறைவா என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யார் யார் இதில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று கேட்டாள். என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள், வேலை கிடைக்காதவர்கள், நீச்சல் தெரியாதவர்கள். அடுத்த சிலுவையின் மேல் ஏறப்போகிறவர்கள்.

கேப்டன் ரஹ்மத் நிஷாவுக்கு எழுத உட்கார்ந்தேன். அந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது, மணி எப்படி மணியை மறைக்கிறது, லிஃப்டில் இதே தவறு எப்படி நடக்கும் என்று ஏழு பக்கம் வந்தது. நன்றாகவும் வந்திருந்தது. ஒருமுறை படித்துப் பார்த்து, ஏழையும் கிழித்துப் போட்டேன். நிறுவனத்தின் கடிதத்தை மட்டும் மடித்து உறையில் வைத்து, அவர் முகவரியை எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.